வேலிக்கு அந்தப்பக்கம்

1

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, எங்கள் வீட்டுப் பின்பக்கம் வாஷிங் மெஷினுக்கு அடியில் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. குட்டிதான், ஒரு முழம்கூட இருக்காது. அம்மாதான் முதலில் பார்த்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டதும் இரண்டு பேர் வந்து, கம்பியால் அலுங்காமல் தூக்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். கிளம்பும்போது அதில் மூத்தவர் காம்பவுண்டுச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், பக்கத்து மனைய சுத்தம் பண்ணலேன்னா அடுத்த மழைக்கும் எங்களக் கூப்பிடுவீங்க.”

வண்டலூரைத் தாண்டி இருக்கிற புறநகர் எங்களுடையது. பக்கத்து மனை அரை கிரவுண்ட். நாங்கள் குடிவந்த இந்த ஆறு வருடத்தில் அங்கே சீமைக்கருவேலம் சுவருக்கு மேலே வளர்ந்து, எங்கள் மொட்டைமாடிக் கொடிக்கயிறுவரை கிளை நீட்டிவிட்டது. அடியில் மழைத்தண்ணீர், தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் கவர், தெருவே கொண்டுவந்து கொட்டிய கட்டட இடிபாடு. அந்த இடிபாட்டில் ஒரு டிராக்டர் லோடு என்னுடையது. வீடு கட்டி முடித்தபோது மிச்சமான உடைந்த செங்கல்லை மேஸ்திரி அங்கேதான் கொட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மனைக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம், ரிடையர்டு பஸ் கண்டக்டர். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் மாதத் தவணை கட்டி வாங்கிய மனையாம். கல்யாணம் வேறு கடன் வாங்கி நடந்து முடிந்துவிட்டது, மனை அப்படியே கிடக்கிறது. “வித்துடலாம்னு பாத்தா பத்திரத்துல ஏதோ சிக்கல்ங்கறாங்க சார். நீங்களே எடுத்துக்கிறீங்களா?” என்றார். பாம்பைப் பற்றிச் சொன்னதும் உண்மையிலேயே பதறினார். “பொங்கல் கழியட்டும், வந்து பாத்துடறேன்.” பொங்கல் கழிந்தது. இரண்டாவது தடவை, முழங்கால் ஆபரேஷன் என்றார். மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் வக்கீல். நோட்டீஸ் விடவேண்டும் என்று அவனிடம் போய் நின்றேன். “விடலாம். அதுக்கு முன்னாடி இதப் படி, உனக்குப் பிடிக்கும்” என்று ஒரு தீர்ப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மிகச் சின்னத் தீர்ப்பு. அதைப் படித்து முடித்த இரவு, அது குறிப்பிட்ட இன்னொன்றைத் தேடினேன். அது வேறொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒரு மாதம், ஆபீஸ் கால் எல்லாம் முடிந்த பிறகு இதே வேலையாகக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் தன் நிலத்தைக் கவனிக்காமல் விட்டால் அது யார் குற்றம் என்ற கேள்விக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊர்க் கண்மாய்க்கும் ஓர் இடம் உண்டு, கருவைக்கும் உண்டு.

2

வக்கீல் நண்பன் அனுப்பியது 1890ஆம் வருடத்து இங்கிலாந்து வழக்கு. ஜைல்ஸ் எதிர் வாக்கர்.

அங்கே திசில் என்று ஒரு முட்செடி உண்டு. பார்வைக்கு நம் பிரம்மதண்டுபோலச் சுற்றிலும் முள், பூ மட்டும் ஊதா. விதைக்குப் பஞ்சிறகு முளைத்திருக்கும்; எருக்கம் விதைபோலக் காற்றடித்தால் கிளம்பிவிடும். வாக்கரின் நிலம் முன்னொரு காலத்தில் காடு. அவருக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் உழுது பயிர்நிலமாக்கினார். உழுத மண்ணில் திசில் மண்டியது. விதை பிடிக்கும் முன் அறுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வாக்கர் அறுக்கவில்லை. 1887லும் 1888லும் ஆயிரக்கணக்கான செடிகள் விதை கட்டி நின்றன. காற்று அவற்றை அள்ளிப் பக்கத்திலிருந்த ஜைல்ஸின் நிலத்தில் இறைத்தது. ஜைல்ஸ் நஷ்டஈடு கேட்டுப் போனார். கீழ்க்கோர்ட்டில் ஜூரிகள் வாக்கர் அசட்டையாக இருந்தார் என்றே சொன்னார்கள். ஜைல்ஸ் ஜெயித்தார்.

அப்பீலில் எல்லாம் தலைகீழானது. விசாரித்தவர்களில் ஒருவர் தலைமை நீதிபதி லார்ட் கோல்ரிட்ஜ். கவிஞர் கோல்ரிட்ஜின் சகோதரர் வழிப் பேரன். நடுக்கடலில் பசியால் கூட இருந்த பையனைக் கொன்று தின்ற மாலுமிகளின் பிரபலமான வழக்கில் 1884ல் தீர்ப்புச் சொன்னவரும் இவர்தான். இப்படி ஒரு வழக்கைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். திசில் மண்ணில் தானாக முளைப்பது, அதை வெட்டவேண்டும் என்று பக்கத்து நிலத்துக்காரருக்கு எந்தக் கடமையும் கிடையாது என்று சில வரிகளில் முடித்துவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள இருபது வருடம் பின்னால் போகவேண்டும். லங்காஷயரில் ஒரு மில் முதலாளி தண்ணீர்த் தேக்கம் ஒன்று கட்டினார். அதற்கு அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. 1860 டிசம்பரில் தண்ணீர் அந்தக் குழிகள் வழியாகப் பாய்ந்து பக்கத்துக்காரரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. 1868ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: இயல்பாக அங்கே இல்லாத, தப்பினால் நாசம் செய்யக்கூடிய ஒன்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பிப்போனால் பொறுப்பேற்கவேண்டும். கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் என்ற இந்த வழக்கை உலகத்தில் பாதிச் சட்டக் கல்லூரிகள் இன்றும் நடத்துகின்றன.

ஆக, அந்தக் காலத்துச் சட்டத்தின் கணக்கு இதுதான்: கொண்டுவந்து வைத்தது என்றால் உன் பொறுப்பு, தானாக வந்தது என்றால் கடவுள் பொறுப்பு. தண்ணீரைத் தேக்கியவன் மாட்டினான், திசிலை வளரவிட்டவன் தப்பித்தான். சும்மா இருப்பவன் எதையும் செய்யவில்லை, செய்யாதவனை எப்படித் தண்டிப்பது?

3

இதே கணக்கை நம் பக்கம் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள். அங்கேதான் அது இடித்தது.

கார்வேட்டிநகரம் இன்றைக்கு ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்து ஜமீன். ஒரு பெருமழையில் ஜமீனின் ஏரிகள் உடைத்துக்கொண்டு போய் ரயில் பாதையை அடித்துவிட்டன. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. கம்பெனியின் வாதம் நேரானது. தண்ணீரைத் தேக்கி வைத்தது நீ, அது தப்பி வந்து என் சொத்தை அழித்தது, லங்காஷயர் தீர்ப்பைப் பார், பணத்தைக் கட்டு.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1874ல் தீர்ப்பு. ஜமீன்தார் பொறுப்பில்லை என்றார்கள். சொன்ன காரணத்தைத்தான் நான் இரண்டு மூன்று முறை படித்தேன். இந்த ஏரிகள் ஒருவன் தன் லாபத்துக்காக வெட்டிக்கொண்டவை இல்லை. காலம் காலமாக இருப்பவை. அவை இல்லாவிட்டால் இந்த நிலத்தில் விவசாயமும் இல்லை, ஜனங்களும் இல்லை. அவற்றைப் பராமரிப்பது ஆதியில் அரசின் கடமை, பிறகு ஜமீன்தார்கள் தலையில் வந்து சேர்ந்தது. ஏரியை மூடிவிட்டுப் போக அவருக்கு உரிமை கிடையாது. கவனக்குறைவு இருந்தால் கேள், இல்லாவிட்டால் கேட்காதே.

மில்லுக்காரனின் தேக்கமும் ஜமீனின் ஏரியும் பார்வைக்கு ஒன்று. இரண்டிலும் கரை, தண்ணீர், கீழே ஒரு பக்கத்துக்காரன். ஆனால் ஏரிக்கு ஒரு ஊரே பாத்தியதை. அதை வைத்திருப்பதே கடமை என்று ஆகும்போது, ‘உன் நிலம், என் நிலம்’ என்ற கோடு மட்டும் போதாமல் போகிறது. ஒருவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி இங்கிலாந்துக்குள் நுழைய இன்னும் அறுபது எழுபது வருடம் பிடித்தது. 1940ல் ஒரு வாய்க்கால் வழக்கு. மடாலயம் ஒன்றின் நிலத்தில், அவர்களுக்குத் தெரியாமல், யாரோ குழாய் பதித்துவிட்டுப் போனார்கள். குப்பை அடைக்காமலிருக்கப் போடவேண்டிய கம்பிவலையைச் சரியாகப் போடவில்லை. குழாய் அடைத்தது, பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளம். குழாயை நாங்கள் போடவில்லையே என்றது மடாலயம். போடாவிட்டால் என்ன, அது அங்கே இருப்பது தெரியும், அதைப் பயன்படுத்திக்கொண்டீர்கள், சரிசெய்யவில்லை என்றது பிரபுக்கள் சபை. தெரிந்தும் சும்மா இருந்தது முதல்முறையாக ஒரு செயலாகக் கணக்கில் ஏறியது. ஆனாலும் இது மனிதன் கொண்டுவந்த கோளாறு. தானாக முளைத்ததற்கு இன்னும் பதில் வரவில்லை.

4

பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஒரு மரத்தின் உச்சியிலிருந்து.

1961 பிப்ரவரி 25. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிட்ஜிகனப் என்ற ஊர். கோல்ட்மேன் என்பவரின் நிலத்தில் நூறடி உயரச் செம்பசை மரம் ஒன்றில் இடி விழுந்தது. மரம் உச்சிக் கவட்டில் எரிய ஆரம்பித்தது. அங்கே அது கடுங்கோடை. கோல்ட்மேன் சும்மா இருக்கவில்லை. சுற்றிலும் சுத்தம் செய்தார், தண்ணீர் தெளித்தார், ஆளைக் கூப்பிட்டு மறுநாளே மரத்தைச் சாய்த்தார். அதுவரை எல்லாம் சரி. கீழே கிடந்த மரத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கலாம். எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். மார்ச் 1ல் காற்று திரும்பியது, வெயில் ஏறியது. தீ பக்கத்து நிலங்களுக்குள் போய்விட்டது.

1966ல் பிரிவி கவுன்சிலில் லார்ட் வில்பர்ஃபோர்ஸ் எழுதிய தீர்ப்பு, இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே மனிதனைப் பார்த்து எழுதிய தீர்ப்பு. இடி கோல்ட்மேன் கொண்டுவந்தது இல்லை. ஆனாலும் தன் நிலத்தில் ஆபத்து இருப்பது தெரிந்தபின், அது தானாக வந்ததா கொண்டுவந்ததா என்பது முக்கியமில்லை. தடுக்கக் கடமை உண்டு. அதோடு நிறுத்தவில்லை. எவ்வளவு கடமை? அந்த மனிதனால் முடிந்த அளவு. நோயாளியிடம் திடகாத்திரமானவனிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்காதே. சின்ன நிலத்துக்காரன் பெரிய நிலத்துக்காரனுக்காகத் தன்னை விற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கோல்ட்மேன் தோற்றது, அவருக்கு முடிந்தது சுலபமாக இருந்ததால்தான். சில பீப்பாய்த் தண்ணீர் போதும். அவர் ஊற்றவில்லை.

சட்டம் பொதுவாக ‘சராசரி மனிதன்’ என்று ஒருவனைக் கற்பித்து, அவன் என்ன செய்திருப்பான் என்றுதான் கேட்கும். இங்கே மட்டும், உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது.

இங்கிலாந்து இதை 1979ல் எடுத்துக்கொண்டது. சாமர்செட்டில் பரோ மம்ப் என்று ஒரு குன்று, உச்சியில் இடிந்த தேவாலயம், அடிவாரத்தில் வீடுகள். குன்று நேஷனல் டிரஸ்ட் என்ற பெரிய அறக்கட்டளைக்குச் சொந்தம். 1976ல் இங்கிலாந்தில் கடும் வறட்சி. மண் பாளம் பாளமாக வெடித்தது. மழை வந்ததும் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும், மண் சரியும் என்று கீழே குடியிருந்த லீக்கி என்ற பெண்மணிக்குத் தெரிந்துவிட்டது. டிரஸ்டிடம் போய்ச் சொன்னார். செலவில் பாதியை நான் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டார்கள். சில வாரத்தில் மண்ணும் மரத்தூர்களும் அவர் வீட்டு மேல் வந்து இறங்கின.

டிரஸ்ட் தன் பக்கம் பழைய ஆயுதங்களையெல்லாம் எடுத்தது. இயற்கையாகச் சரிந்த மண்ணுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? நீதிபதி மெகா அதை ஏற்கவில்லை. தொண்ணூறு வருடமாக நின்ற திசில் தீர்ப்பை இனிச் சட்டமாகக் கொள்ளவேண்டாம் என்று ஒதுக்கினார். கூடவே ஒன்று சொன்னார். வசதியில்லாத நிலத்துக்காரனின் கடமை சில சமயம் இவ்வளவுதான் இருக்கும்: ‘உள்ளே வந்து உன் செலவில் செய்துகொள்’ என்று பக்கத்துக்காரனுக்குக் கதவைத் திறந்துவிடுவது. அல்லது, செலவை நியாயமாகப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது.

இதைப் படித்த இரவில்தான், கண்டக்டரிடம் நான் ஒருமுறைகூட இப்படிக் கேட்கவில்லை என்று உறைத்தது.

5

எங்கள் தெருவில் திசில் கிடையாது, கருவைதான். அதை யார் கொண்டுவந்தது?

1876ல் சென்னை மாகாணத்து வன அதிகாரி கர்னல் பெடோம், இந்த மரத்தின் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். பெடோம் சாதாரண ஆள் இல்லை. தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்புகளை வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அவர் கேட்ட விதை 1877ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நடப்பட்டது. மத்திய, தென் அமெரிக்க வறண்ட நிலத்து மரம். மாகாணமே தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. தண்ணீரில்லாமல் வளரும், விறகு தரும், வேலியாகும் மரத்தின் மேல் ஒரு வன அதிகாரிக்கு ஆசை வந்ததைக் குறைசொல்லத் தோன்றவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுப் பஞ்சத்துக்காக அரசே இதைப் பரப்பியது.

மரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இதன் விதை காற்றில் பறக்காது. காய் தித்திப்பு, ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, எருவோடு சேர்ந்து முளைக்கும். வெட்டினால் தூரிலிருந்து ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். தூரோடு பெயர்த்தால்தான் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய் உள்வாய், வரத்துக்கால், தரிசு எல்லாம் கருவைக்காடானது. அதே ஊர்களில் மழை பொய்த்த வருடங்களில் ஜனங்கள் கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் அடுப்பெரித்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். என் அப்பாவின் பாலிடெக்னிக் ஃபீஸில் பாதி கரி விற்ற காசு.

பிறகு ஊர் மனசு மாறியது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற கோபம் எல்லா மேடையிலும் ஏறியது. வைகோ தொடர்ந்த பொதுநல வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 தொடக்கத்தில் கருவையை அகற்றச் சொல்லி வரிசையாக உத்தரவுகள் போட்டது. வேலை நடக்கிறதா என்று பார்க்க வக்கீல்களை ஆணையர்களாக அனுப்பியது. தனியார் நிலத்துக்காரர்கள் தாங்களே அகற்றவேண்டும், அகற்றாவிட்டால் அரசு அகற்றிவிட்டு இருமடங்கு செலவை வசூலிக்கவேண்டும் என்றும் சொன்னது. மாணவர்கள், மன்றங்கள், ஜேசிபிகள் என்று தெற்கே அது ஒரு திருவிழாபோல நடந்தது. ஏப்ரலில், முறையான அறிவியல் ஆய்வில்லாமல் மரங்களை வெட்டுவதை எதிர்த்து இன்னொரு மனு வந்து, சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டதும் வேகம் அடங்கியது. 2022ல் அந்நியப் படர் தாவரங்களுக்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது.

1868ன் கணக்குப்படி பார்த்தால் கருவையைக் கொண்டுவந்து சேர்த்தது அரசு. விதைத்தது ஆடு. 2017ல் இருமடங்கு கேட்டது பட்டாதாரரிடம்.

6

அந்தப் பட்டாதாரர்களில் அப்பாவும் ஒருவர்.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் தாத்தாவின் புஞ்சை மூன்று ஏக்கர் இருக்கிறது. கூட்டுப்பட்டா. அப்பா, இரண்டு பெரியப்பா, ஓர் அத்தை, செத்துப்போன சித்தப்பாவின் பிள்ளைகள் என்று கணக்குப் போட்டால் பதினோரு பங்காளிகள். பாகம் பிரிக்கவில்லை. யாரும் ஊரில் இல்லை. 2017ல் இருமடங்குச் செய்தி வந்ததும் அப்பா பயந்து எல்லாருக்கும் போன் போட்டார். ‘நீ செய், நாங்க தந்துடறோம்’ என்றார்கள் எல்லோரும். தடை வந்ததும் அப்பா நிம்மதியாகப் பேப்பரை மடித்துவைத்தார். நான்கு வருடம் கழித்து அப்பா தவறிப்போனார். புஞ்சை அப்படியே இருக்கிறது.

எங்கள் புஞ்சைக்குத் தெற்கே நிலம் வைத்திருப்பவர் முறைக்குச் சித்தப்பா. மிளகாய் போடுகிறவர். எங்கள் கருவைக்குள் காட்டுப்பன்றி அடைகிறது. பகலில் அங்கே படுத்துவிட்டு இரவில் அவர் வெள்ளாமையில் இறங்கும். வருடத்தில் ஒருமுறையாவது எனக்குப் போன் வரும். இந்த மார்கழியிலும் வந்தது.

“ஏப்பா, ஒங்க காட்டுக்குள்ள பன்னி குட்டியும் குருளையுமா கெடக்கு. நா ராத்திரிக்கு ராத்திரி தகரத்தத் தட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன். எனக்கென்ன இன்னும் இருவது வயசா?”

“பாக்குறேன் சித்தப்பா. பெரியப்பாகிட்ட பேசணும்.”

“நீயும் ஒங்கப்பன் மாதிரியே சொல்ற.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பொங்கல் கழியட்டும் சித்தப்பா.”

சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்டக்டர் மேல் நோட்டீஸ் விடுவதற்கு வாசகம் தயார் செய்துகொண்டிருந்த அதே வாரம். கோல்ட்மேன் தீர்ப்பைப் படித்தபோதுதான், இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்டக்டருக்கு ஒரு ஆபரேஷன் செய்த முழங்கால், விற்க முடியாத அரை கிரவுண்ட், பென்ஷன். எனக்கு நல்ல சம்பளம், வேலை செய்கிற இரண்டு கால், சனி ஞாயிறு விடுமுறை. முடிந்த அளவுதான் கடமை என்ற கணக்கை வைத்தால் எங்கள் இருவரில் யார் தோற்பது என்பதற்கு வக்கீல் தேவையில்லை.

இந்த அளவுகோலுக்கு மறுபக்கமும் உண்டு. 1980ல், லீக்கி வழக்கு முடிந்த மறுவருடம், நம் உச்ச நீதிமன்றத்தில் ரத்லம் நகராட்சி வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் சூழ்ந்த ஒரு பகுதியின் ஜனங்கள், பொதுத்தொல்லையை நீக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்த அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133வது பிரிவைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். எங்களிடம் பணமில்லை என்றது நகராட்சி. அந்தச் சாக்கு உங்களுக்குக் கிடையாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். தனிமனிதனிடம் கேட்கும்போது அவன் மடியைப் பார், அரசிடம் கேட்கும்போது பார்க்காதே. 2017ல் ராமநாதபுரத்துக் கிழவர்களிடம் இருமடங்கு கேட்டபோது இந்த இரண்டும் இடம் மாறிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். மரத்தைக் கொண்டுவந்த அரசு பணமில்லை, ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே வரலாம். ஆனால் அப்பா ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.

ஆனால் இது அப்பாவின் நியாயம். எனக்குச் செல்லாது.

7

மாசி முதல் ஞாயிறு கண்டக்டருக்கு மறுபடி கூப்பிட்டேன். மகள்தான் எடுத்தாள். அப்பாவுக்கு இப்போதுதான் வாக்கர் வைத்து நடக்கப் பழக்குகிறோம் என்றாள். ஜைல்ஸின் எதிராளி பெயர் ஞாபகம் வந்து, சம்பந்தமில்லாமல் எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் யாரும் வரவேண்டாம், அனுமதி மட்டும் கொடுங்கள், ஜேசிபி நான் கொண்டுவருகிறேன், வாடகையில் பாதி நான், பாதி நீங்கள், உங்கள் பாதியை எப்போது முடியுமோ அப்போது தாருங்கள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பெரியவர் லைனுக்கு வந்தார். “எடத்துக்குள்ள வர்றதுக்கு எங்கிட்ட எதுக்கு சார் கேக்கணும்? மொதல்லயே எறங்கிச் சுத்தம் பண்ணிருக்கலாமே” என்றார். எழுத்தில் வேண்டும் என்றேன். மகள் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினாள்.

ஜேசிபிக்கு மூன்று மணிநேரம் ஆனது. தூரோடு பெயர்த்தார்கள். கருவைக்கு அடியில் என் செங்கல் அப்படியே இருந்தது, மேஸ்திரி கொட்டிய குவியல் கலையாமல். பாம்பு அதற்குள்தான் இருந்திருக்கவேண்டும், சட்டை ஒன்று கிடந்தது. செங்கல்லை அள்ளிக்கொண்டு போக ஆன டிராக்டர் செலவை நான் அந்தப் பாதிக் கணக்கில் சேர்க்கவில்லை. மரத்தை ஒரு டீக்கடைக்காரர் விறகுக்கு எடுத்துக்கொண்டார். பெரியவர் அடுத்த மாதமே தன் பாதியில் ஆயிரம் ரூபாய் கூகுள் பேயில் போட்டார். ‘பாக்கி உண்டு’ என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்.

பங்குனியில் ஊருக்குப் போனேன். போகும் முன் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டேன்: வெட்டுகிறேன், செலவு என்னுடையது, மறுப்பிருந்தால் சொல்லவும். ஏழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள், ஒருவர் கைகூப்பினார், மூன்று பேர் பார்த்ததோடு சரி.

மூன்று ஏக்கரையும் ஒரே மூச்சில் பெயர்க்க என்னால் ஆகாது. வாடகையைக் கேட்டதும் எனக்கே முழங்கால் வலித்தது. சித்தப்பா வரப்பையொட்டிய ஒரு ஏக்கரைத் தூரோடு எடுத்தோம். மிச்சத்தை வெட்டிக் கரி போட்டு எடுத்துக்கொள்ள ஊரில் மூட்டம் போடுகிற ஒரு குடும்பத்துக்கு விட்டேன். அதில் பாதி வெறும் வெட்டுத்தான், மழை விழுந்தால் துளிர்க்கும். சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன்.

அவர் பெயர்த்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். மிளகாய்க்குத் தோதான மண்தான் என்றார். பிறகு தன் நிலத்தைக் காட்டினார். அங்கேயும் வரப்போரம் ஏழெட்டுக் கருவைக் கன்று நின்றது.

“இது ஒங்க காட்டுலேருந்து வந்ததுதான்” என்றார்.

“உங்க ஆடு தின்னுட்டு வந்து போட்டது சித்தப்பா.”

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார். “சரி, அத நா புடுங்கிக்கிறேன். நீ அடுத்த வருசம் வந்து மிச்சத்த எடு.”

அடுத்த பங்குனிக்கு நாள் குறித்து வைத்திருக்கிறேன். காலண்டரில் ‘பொங்கல் கழிந்து’ என்று போடவில்லை, தேதி போட்டிருக்கிறேன்.